வேலம்பாளையத்துக் குளிர்மீன்கள்

சகாயராஜுக்குக் கடல் ஆகாது. இருபது வருடத்துக்கும் மேலாகத் திருப்பூரை அடுத்த வேலம்பாளையத்தில் இருக்கிறார், இந்த ஒரு உண்மையை மட்டும் யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர் அவருக்கு. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் படகு ஆட ஆரம்பித்ததுமே குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி எடுப்பார். இரண்டு மூன்று தடவை கூட்டிப்போய்ப் பார்த்த அப்பா, "இவன் கரைக்குத்தான்" என்று கைகழுவிவிட்டார். கரையில் வேலை இல்லை. திருப்பூர்ப் பக்கம் போனால் பனியன் கம்பெனியில் வேலை உண்டு என்றார்கள். பஸ் ஏறிவிட்டார்.

வந்த இடத்தில் யாரோ, "கடற்கரை ஊருங்களா? அப்பக் கடலுக்கெல்லாம் போயிருப்பீங்களே!" என்று கேட்டார்கள். அந்த ஆள் அதைச் சும்மாகூடக் கேட்டிருக்கக் கூடாது. தென்னை உயரத்துக்கு எழுந்த அலை, படகையே இழுத்துக்கொண்டு ஓடிய சுறா, நடுக்கடலில் தன்னந்தனியாகத் தத்தளித்தது என்று சகாயராஜ் அவிழ்த்துவிட்டார். கதை நன்றாகப் போணியாயிற்று. அதனால் வருடா வருடம் சுறாவும் வளர்ந்தது. மீனின் கண்ணைப் பார்த்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று ஒருமுறை டீக்கடையில் அளந்தார். மேட்டு நிலத்து மனிதர்கள், கடலைப் பார்த்திராதவர்கள், நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆளும் நல்லவர். யாரையும் கெடுக்காத புளுகு.

அவருடைய வேலை அயர்ன் மேசை. மருதாசலம் முதலாளியின் கம்பெனியில் ஒரு வாசலில் நூல் உள்ளே போனால் மறு வாசலில் துணி அட்டைப்பெட்டியில் அடைபட்டு வெளியே வரும். பின்னுவது, சாயம் போடுவது, வெட்டுவது, தைப்பது, தேய்ப்பது எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். முதலாளியின் தாத்தா தறி போட்டவர். இன்றைக்கும் கிருத்திகை என்றால் ஆபீசில் முருகன் படத்துக்குப் பூப்போடாமல் ஒரு பில் கையெழுத்தாகாது.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது நார்வே நாட்டு ஆர்டர். அங்கே பனிக்கடலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் கனத்த பனியன். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஆவி கக்கும் அயர்ன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் உச்சியில் குளிரில் நடுங்குகிற ஒருவருக்கான உள்ளாடையைத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். திருப்பூரில் இதையெல்லாம் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்டர் என்றால் ஆர்டர்தான்.

பங்குனியில் ஒருநாள் சகாயராஜ் மேசையருகே அப்படியே சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "தவக்காலம்லா, ஒருசந்தி இருக்கேன். வெறும் வயிறு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். ஒருசந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் நான்கு தோசை சாப்பிட்டிருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இந்த வயசில் இந்த உடம்பு இனி சூட்டைத் தாங்காது, வேறு வேலை பாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார். வேறு வேலைக்கு எங்கே போவது? தெரிந்தது இது ஒன்றுதான். சூடு ஆகாத அயர்ன்காரரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? டாக்டர் சொன்னது அவருக்கும் மனைவி பனிமயத்துக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

அப்போதுதான் முதலாளி மகன் நிதிஷுக்கு மீன் யோசனை வந்தது.

சாயப்பட்டறை வைத்திருக்கிறவர்கள் சுத்திகரித்த தண்ணீரில் மீனை விட்டு வாசலில் தொட்டி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தண்ணீர் சுத்தம் என்று எத்தனை சான்றிதழை நீட்டினாலும், வெளிநாட்டுக்காரர்கள் அதில் ஒரு மீன் வாலாட்டுவதைப் பார்த்தால்தான் சிரிக்கிறார்கள். மருதாசலம் கம்பெனியிலும் ஒரு தொட்டியில் கெண்டைக் குஞ்சுகள் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. நிதிஷுக்கு அது போதவில்லை. ஆர்டர் கொடுத்த நார்வேக்காரர் நேரில் பார்க்க வருகிறார். அவர் ஊர் மீனுக்குச் சொந்தக்கார மீன் ஒன்று நம் தண்ணீரில் நீந்தினால் எப்படி இருக்கும்? நீலகிரியில் ஒரு பண்ணையில் டிரவுட் வளர்க்கிறார்கள். குளிர் ஓடையில் வாழும் மீன். ஏழு மீன் சொல்லிவிட்டான். நிதிஷ் நல்ல பையன்தான், படித்தவன், தொழிலாளிகளை மரியாதையாக நடத்துகிறவன். ஆர்வக்கோளாறு ஒன்றுதான் அவனிடம் உள்ள குறை.

வரவேற்பறையை ஒட்டிக் கண்ணாடி அறை ஒன்று தயாரானது. ஏசி போட்டார்கள். தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்க ஒரு சில்லர், காற்று விட ஒரு பம்பு. எல்லாம் வந்த பிறகு, இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. அயர்ன் செக்‌ஷன் மொத்தமும் ஒரே ஆளைத்தான் காட்டியது.

"சகாயண்ணா, நீங்க கடல்காரருங்க. டிரவுட் மீன் தெரியுங்ளா?" என்றான் நிதிஷ்.

"தெரியாம என்ன தம்பி? எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு சொல்லுவாவ," என்றார் சகாயராஜ், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் நின்றதும் அவருக்குக் கண்கள் செருகின. அப்படி ஒரு குளிர்ச்சி. நார்வேக்காரர் வந்து போகிறவரை மீன்கள் நன்றாக இருந்துவிட்டால், இந்த அறையும் தொட்டியும் நிரந்தரம், நீங்களே இங்கே இருந்துகொள்ளலாம் என்றான் நிதிஷ். மீனுக்கு ஏதாவது ஆனால் பழையபடி மேசைதான். அதை அவன் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

வீட்டில் பனிமயம் இதைக் கேட்டு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "மாதா கண்ணத் தொறந்துட்டா. அந்த மீனுக்கு ஒண்ணு ஆச்சு, ஒங்களுக்கு வீட்டுல சோறு கெடையாது, சொல்லிட்டேன்" என்றாள்.

மீன்களோடு பண்ணையிலிருந்து விஜயகுமாரி என்ற அம்மா வந்தார். மீன்வளம் படித்தவர், பண்ணைக்கு அவர்தான் பொறுப்பு. பிராணவாயு நிரப்பிய பாலித்தீன் பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, மெதுவாக அவிழ்த்து, மீன்களை வெளியே விட்டார். உடம்பெல்லாம் புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. ஏழும் ஒரே திசையைப் பார்த்து நின்றன. தண்ணீர் பதினைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பம்பு நிற்கவே கூடாது, இரை கொஞ்சமாகப் போட வேண்டும் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். சகாயராஜ் தலையாட்டினார். காதில் பாதிதான் விழுந்தது. ஏசியின் காற்று சரியாக அவர் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

"எங்க ஊருலயே இதை வளர்க்கறது கஷ்டம்ங்க. இங்க கொஞ்ச நாளைக்குன்னு சொன்னதாலதான் கொடுத்தேன். எதுன்னாலும் உடனே போன் பண்ணுங்க," என்று தன் நம்பரைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார் விஜயகுமாரி.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு சகாயராஜ் ஊரில் இருக்கும் அண்ணன் ஜெபக்குமாரைப் போனில் பிடித்தார். இன்னும் கடலுக்குப் போகிறவர் அவர்தான்.

"அண்ணே, மீன உசுரோட எப்படி வச்சுக்கிடுறது?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. "ஏல, நாங்க மீன உசுரோட வச்சிருந்தா எப்படில கஞ்சி குடிக்க? புடிக்கத் தெரியும், அறுக்கத் தெரியும். வளக்கவா தெரியும்?" என்றார் ஜெபக்குமார். பிறகு அவராகவே, "இப்பம் புடிக்கவும் முடியல. கடல் சுடுதுல. கரைப்பக்கம் கெடந்ததெல்லாம் ஆழத்துக்குப் போயிட்டு. சாளை மீனு வருது, பாத்தா எலும்பா கெடக்கு. சட்டில போட்டா எண்ணெய் விட மாட்டேங்கு" என்றார்.

உதவிக்கென்று கூப்பிட்ட ஆள் தன் பாட்டைப் பாடியதில் சகாயராஜுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் அண்ணன் குரலில் இருந்த சலிப்பு அவரை விடவில்லை. கடலைப் பற்றி அண்ணன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

மீன்கள் பழகின. அதாவது, சகாயராஜ் அவற்றுக்குப் பழகிவிட்டார். செவுள் திறந்து மூடுவதை எண்ணாமலே அவருக்கு அதன் வேகம் கண்ணில் பதிந்துபோயிற்று. தண்ணீர் குளிர்ந்து கிடந்தால் செவுள் அமைதியாக அசையும். கதவைத் திறந்து திறந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்து அறை சூடேறினால் அது படபடக்கும். வாலில் சிறு வெட்டு விழுந்த ஒன்று எப்போதும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதனிடம் அவர் சுறா கதையைக்கூடச் சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேசாத, கேள்வி கேட்காத ரசிகர் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. உடம்பும் தேறியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பசித்தது. பல மாதம் கழித்துப் பசித்தது என்று பனிமயம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

நார்வேக்காரர் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. எங்கோ லைனில் கோளாறு. ஜெனரேட்டர் ஓடியது, தையல் மிஷினும் சாயத் தொட்டியும் ஓடின. புதிதாகப் போட்ட கண்ணாடி அறையை ஜெனரேட்டர் லைனில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏசி நின்றது, சில்லர் நின்றது, பம்பும் நின்றது. எலக்ட்ரீஷியன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நிதிஷ் அவிநாசி ரோட்டில் யாரையோ பார்க்கப் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணாடி அறை என்பது காற்று நின்றுவிட்டால் அடுப்புதான்.

மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் அடித்துக்கொண்டன. சகாயராஜ் தொட்டியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். மூச்சுக்குத் தவிக்கின்றன என்பது மட்டும் புரிந்தது. மூச்சு என்றால் காற்று. காற்று என்றால் குமிழி. பம்பிலிருந்து குமிழி வந்தவரை நன்றாகத்தானே இருந்தன?

குமிழி எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியும். பின்பக்கம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற இடத்தில், லிங்கசாமி என்பவர் பார்த்துக்கொள்ளும் தொட்டிகளில், சிலிண்டரிலிருந்து ஒரு டியூப் போய்ப் பொலபொலவென்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். சாயத் தண்ணீரில் சோடா உப்பின் காரம் ஏறியிருக்கும், அதை இறக்கத்தான் அந்த வாயு. இதெல்லாம் அயர்ன்காரருக்கு எப்படித் தெரியும்? லிங்கசாமியும் சாப்பிடப் போயிருந்தார். தனியாக நின்ற சின்ன சிலிண்டர் ஒன்றைத் தள்ளுவண்டியோடு தள்ளிக்கொண்டு வந்து, டியூபைத் தொட்டிக்குள் விட்டு, வால்வைத் திறந்தார்.

குமிழி என்றால் அப்படி ஒரு குமிழி. பம்பு விட்டதைவிட நாலு மடங்கு. சகாயராஜ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "குடிங்க மக்கா, குடிங்க" என்றார்.

அவை குடித்தன. கொஞ்ச நேரத்தில் வால் வெட்டுப்பட்ட மீன் கண்ணாடியில் போய் முட்டியது. திரும்பி மறுபக்கம் போய் முட்டியது, குடித்தவன் சுவரில் மோதுகிற மாதிரி. பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தது. இன்னொன்று வயிறு மேலே தெரியப் புரண்டது. அவர் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார். அதைச் சொல்லும்போது எனக்கே மனசு கேட்கவில்லை, ஆனால் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் பதறிப்போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"என்ன வாயு விட்டிருக்கீங்க? சிலிண்டர்ல என்ன எழுதியிருக்கு, படிங்க," என்றார் விஜயகுமாரி.

சகாயராஜ் எழுத்துக்கூட்டிப் படித்தார். கார்பன் டை ஆக்சைடு.

"மூடுங்க! முதல்ல அதை மூடுங்க! ஒரு மக் எடுத்துத் தண்ணிய மொண்டு மேல இருந்து ஊத்துங்க. உயரமா, விடாம. தண்ணி கீழ விழும்போது வெளிக்காத்தைப் பிடிச்சுக்கும், கெட்ட வாயு வெளியேறும். ஐஸ் கிடைச்சா பையில கட்டி மிதக்கவிடுங்க, நேரா போடாதீங்க."

ஸ்டூலில் ஏறி நின்று ஊற்றினார். பாதியில் நிதிஷ் வந்து சேர்ந்தான். சகாயராஜ் ஐஸ் என்று மட்டும் சொன்னார். எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஓடிவந்து, போட்டிருந்த நல்ல சட்டையோடு தொட்டிக்குள் கையைவிட்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தான். லிங்கசாமியும் வந்தார். மூன்று பேரும் மாறி மாறி ஊற்றினார்கள். கரண்ட் வந்து பம்பு உறுமியபோது மூவருக்கும் தோள் கழன்றுபோயிருந்தது. மூன்று மீன்கள் மெல்ல நிமிர்ந்தன. நாலு நிமிரவில்லை. வால் வெட்டுப்பட்டது அந்த நாலில் ஒன்று.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிதிஷ் போனை ஸ்பீக்கரில் போட்டு, என்னதான் நடந்தது என்று விஜயகுமாரியிடம் கேட்டான்.

"மீனுக்குன்னு தனியா உடம்புச் சூடு கிடையாதுங்க. தண்ணி என்ன சூடோ, அதுதான் அது உடம்போட சூடு. தண்ணி சூடானா உள்ள எல்லாம் வேகமா ஓடும், இதயம், செவுள், எல்லாமே. அப்ப மூச்சு நிறைய வேணும். ஆனா சூடான தண்ணில பிராணவாயு கம்மியாத்தான் கரையும். தேவை கூடுது, வரவு குறையுது. உங்க ஊர்க் கெண்டை தாக்குப்பிடிக்கும். இது குளிருக்குன்னே அமைஞ்ச உடம்பு, இதால முடியாது. அதுக்கு மேல நீங்க சோடா வாயுவை விட்டீங்க. கோலி சோடா நாக்குல சுருக்குன்னு புளிக்குதுல்ல? தண்ணி அப்படி ஆயிடும். அது மீனோட ரத்தத்துலயும் ஏறும். ரத்தம் புளிச்சா, கிடைக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் பிடிச்சு வைக்காது."

சகாயராஜ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கடல் சூடாகுது, புளிக்குதுங்கறாங்களே மேடம், அதுவும் இதேதானுங்களா?" என்றான் நிதிஷ். நார்வே கம்பெனி விளம்பரத்தில் அவன் அதைப் படித்திருந்தான்.

"அதேதான், ஆனா இவ்வளவு வேகமா இல்ல, இவ்வளவு கடுமையாவும் இல்ல. நாம விடற கரியமில வாயுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கைக் கடல் வாங்கிக்குது. சூடும் அதுக்குள்ளதான் போகுது. மீன் உடனே செத்து மிதக்காதுங்க. அதுதான் யாருக்கும் தெரியறதில்ல. ரத்தத்தைச் சரியா வச்சுக்க அது உள்ளுக்குள்ள பாடுபட்டுக்கிட்டே இருக்கும். தின்ன இரையெல்லாம் அந்தப் பாட்டுக்கே செலவாயிடும். வளர்றதுக்கு மிச்சம் இருக்காது, முட்டை வைக்க மிச்சம் இருக்காது. சில மீனுக்கு வாசனைகூட மங்கிடுது, எதிரி வந்தா தெரியாது. பார்த்தா நல்லா நீந்துற மாதிரிதான் இருக்கும்."

சகாயராஜ் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா மீனைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அவருக்குத் தன் மேசையும், அதன் முன்னால் தான் நின்ற நிலையும், சோற்றைப் பார்த்தாலே வெறுத்த சாயங்காலங்களும் கண்முன்னால் வந்தன. தின்றதெல்லாம் நிற்பதற்கே செலவாகி, பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருப்பதுபோலவே இருந்தார் அவர்.

போனை வைத்த பிறகு நிதிஷ் தயங்கித் தயங்கிப் பேசினான். "அண்ணா, உங்க மேல தப்பில்லீங்க. லைன் குடுக்காம விட்டது என் தப்பு. நாளைக்கு அவரு கேட்டா, மூணு மீனுதான் கொண்டாந்தோம், நல்லா இருக்குதுன்னு சொல்லிரலாமுங்க. ஆர்டர் பெருசுங்ணா. இந்த ரூம் அப்படியே இருக்கட்டும், நீங்களும் இங்கயே இருந்துக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"சரி தம்பி," என்றார் சகாயராஜ். பொய் சொல்வது அவருக்கு ஒன்றும் புதிதில்லை.

மறுநாள் காலை நார்வேக்காரர் வந்தார். அவர் பெயர் கம்பெனியில் யார் வாயிலும் நுழையவில்லை. அறுபது வயதிருக்கும், வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்தவர், அப்பாடா என்று நின்றார். பிறகு தொட்டியைப் பார்த்தார். மூன்று மீனும் பம்புக் குமிழி வரும் மூலையில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. உடம்பு கறுத்திருந்தது, ரோஸ் கோடு மங்கியிருந்தது. காலையில் போட்ட இரை அடியில் அப்படியே கிடந்தது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். மருதாசலம் வேட்டியும் துண்டுமாகக் கைகட்டி நின்றார். நிதிஷ் சிரித்தபடி நின்றான், அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை.

அவர் நிதிஷைக் கேட்கவில்லை. சகாயராஜைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"மீனெல்லாம் எப்படி இருக்குதுன்னு கேக்கறாருங்ணா," என்றான் நிதிஷ்.

இருபது வருடமாகச் சரளமாகப் புளுகிய வாய். சூப்பர் சார் என்று இரண்டு வார்த்தை, அதற்கு மொழிபெயர்ப்புகூட வேண்டாம். சகாயராஜுக்கு ஏசிக் காற்று பிடரியில் பட்டது. பனிமயம் ஏற்றிய மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது. செவுள்கள் அடித்துக்கொள்வதும் எதிரில் தெரிந்தது.

"நல்லா இல்லைய்யா," என்றார். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "மூச்சு முட்டுது. ஏழு வந்துச்சு, நாலு நேத்தே செத்துட்டு. கொன்னது நான்தான், தெரியாம. இந்த மூணும் நிக்கத்தான் நிக்கு, உள்ளுக்குள்ள படாதபாடு படுது. இதுகளுக்கு இந்த ஊரு ஆகாது. மேல கொண்டு விட்டுருங்க."

நிதிஷின் காது மடல்கள் சிவந்தன. அவன் அப்பாவைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். அவன் ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை என்பது நார்வேக்காரரின் முகத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணாடியில் விரல் வைத்தபடி பதில் சொன்னார். தங்கள் கடலில் மீன்கள் குளிரைத் தேடி வடக்கே வடக்கே போகின்றன, படகுகளும் பின்னால் போகின்றன, அதற்கும் வடக்கே வெறும் பனிதான், அதுவும் உருகுகிறது என்றாராம். பிறகு சகாயராஜின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஐஸும் பிராணவாயுவும் கட்டி வேனில் மீன்களை மலைக்கு அனுப்பினான் நிதிஷ். சகாயராஜும் கூடப் போனார். வளைவுக்கு வளைவு வாந்தி. பண்ணையில் ஓடைத் தண்ணீர் விழும் குட்டையில் விஜயகுமாரி மூன்றையும் விட்டார். சற்று நேரம் அசையாமல் நின்றவை, தண்ணீர் வரும் திசைக்குத் திரும்பின. அதைப் பார்த்தபோது சகாயராஜுக்கு அழுகை வந்தது, கூச்சப்படாமல் அழுதார்.

திங்கட்கிழமை காலை மருதாசலம் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நிதிஷும் இருந்தான். கண்ணாடி அறையைக் கழற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"சகாயராஜ், உக்காருங்க. உங்க மேல கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வாயில்லாத சீவனுக்குப் பேசுனீங்க, முருகன் பாத்துக்குவான். ஆனா அந்த ரூமு இனி இல்லீங்களே. பழைய மேசைக்கே போயிக்கறீங்களா?"

உட்காரச் சொன்ன நாற்காலியில் சகாயராஜ் உட்காரவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டால் இன்றைக்குச் சம்பளம் உண்டு, வேலை உண்டு. கால் நகரவில்லை.

"போறேன் முதலாளி. ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கும் சூடு ஆகாதுங்க. அன்னைக்கு விழுந்தது ஒருசந்தியால இல்ல. அந்த மேசைக்கு முன்னால நின்னா இனி ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் அப்பமே சொல்லிட்டாரு."

மருதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏனுங்க, இத்தன நாளா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"மீன் எப்படி இருக்குன்னு அந்த வெளிநாட்டு ஐயா கேட்டாவ, சொன்னேன். நான் எப்படி இருக்கேன்னு இங்க யாரும் கேக்கலீங்க."

மருதாசலம் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவருக்கு எதிரில் நின்றார்.

"இப்பக் கேக்கறனுங்க, சாமி. எப்படி இருக்கீங்க?"

"முடியலீங்க முதலாளி," என்றார் சகாயராஜ்.